பாடநூல் தந்த ஜெர்மானியர்
(இரேனியஸ் ஐயரின் வாழ்வும் பணியும்)

முத்தாலும் சங்காலும் துறைமுகத்தாலும் உலகறிந்தது நம் தென்கடற்கரை. தூத்துக்குடி, காயல்பட்டினம், புன்னைக்காயல், மணப்பாடு, குலசேகரப்பட்டினம் என்று நீளும் இக்கரைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தமிழில் நூல் அச்சேறிய வரலாற்றில் இக்கரைக்கு முதன்மையான இடம் உண்டு. புன்னைக்காயலைத் தம் பணிக்களமாகக் கொண்ட அன்றீக்கு அடிகள் தமிழில் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சானது. இக்கரையின் ஆலிம்களோ அரபு எழுத்தில் தமிழை எழுதி, மார்க்கக் கல்வியைப் பாமரரின் வீடுவரை கொண்டு சென்றார்கள். முத்தெடுத்த கரை புத்தகமும் எடுத்த கரையாயிற்று.

புத்தகம் என்றதும் காப்பியம் பாடிய புலவரை நினைக்கிறோம். உரை வகுத்த சான்றோரை நினைக்கிறோம். பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல் எழுதியவரை மட்டும் எவரும் நினைப்பதில்லை. பாடநூல் பழையதானதும் பரணுக்குப் போய்விடுகிறது. அதை எழுதியவர் பெயரும் உடன் போய்விடுகிறது. அவ்வாறு போய்விடக் கூடாத ஒரு பெயரை இம்மலரில் நாம் நினைவுகூர விரும்புகிறோம். தூத்துக்குடிக் கரையையும் உள்ளடக்கியிருந்த பழைய திருநெல்வேலிச் சீமையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகவும் பாடநூலாசிரியராகவும் வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடங்கிய ஜெர்மானியர் சார்ல்ஸ் தியோபிலஸ் ஏவால்ட் இரேனியஸ் என்பார் அவர். மக்கள் வழங்கிய பெயர் இரேனியஸ் ஐயர்.

அவர் கிறித்தவ சமயப் பணியாளர். தம் சமயத்தைப் பரப்பவே அவர் இங்கு வந்தார். அதை அவர் மறைத்ததும் இல்லை. நம் நோக்கம் அச்சமயப் பணியை எடைபோடுவது அன்று. கல்விக்கும் தமிழுக்கும் அவர் ஆற்றியதை நன்றியோடு எண்ணிப் பார்ப்பதே நோக்கம். நல்லது எவரிடம் இருந்தாலும் எடுத்துக்கொள்ளக் கற்பித்த மரபு நம்முடையது.

பிறப்பும் இளமையும்

பிரஷிய நாட்டில் விசுத்துலா ஆற்றங்கரையில் உள்ளது கிராடென்ஸ் கோட்டை. இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. அங்கே 1790ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இரேனியஸ் பிறந்தார். தந்தை பிரஷியப் படையில் அதிகாரி. மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் மறைந்தார். தந்தையற்ற பிள்ளை பள்ளிக் கல்வியை முடித்தபின் வசதி படைத்த உறவினர் ஒருவரின் ஆதரவில் சில காலம் வாழ்ந்தார். உத்தியோகமும் உடைமையும் வாய்க்கக்கூடிய வாழ்வு அது.

அந்நாளில் தொலைநாடுகளில் பணியாற்றியோரைப் பற்றிய ஏடுகள் அவர் கைக்குக் கிட்டின. அவற்றைப் படித்த இளைஞரின் மனம் மாறிற்று. பெர்லின் நகரில் ஜேனிக்கே என்னும் போதகர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1812இல் லூத்தரன் சபை முறைப்படி குருப்பட்டம் பெற்று இங்கிலாந்து சென்றார். அங்கு ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த சர்ச் மிஷன் சங்கம் அவரைத் தன் பணியாளராக ஏற்றது. ஜெர்மானியரான லூத்தரன் ஒருவரை ஆங்கிலேயச் சங்கம் ஏற்ற இந்த ஏற்பாடு பிற்காலத்தில் அவர் வாழ்வையே உலுக்கப் போகிறது என்பதை அன்று எவரும் அறியார்.

கடல் கடந்து தமிழ் மண்ணுக்கு

1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் சமயப் பணியாளர் நுழைய வழி திறந்தது. இந்தியரின் கல்விக்காக ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஒதுக்கவேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டு சர்ச் மிஷன் சங்கம் இந்தியாவுக்கு அனுப்பிய முதல் பணியாளர் இருவருள் ஒருவர் இரேனியஸ். மற்றவர் ஷ்னாரே என்னும் ஜெர்மானியர். 1814ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அவர்கள் சென்னையில் கரையிறங்கினார்கள்.

இரேனியஸ் முதற்கண் தரங்கம்பாடிக்குச் சென்றார். 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் கண்டு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஊர் அது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த இரேனியஸ் அதே ஊரில் தமிழ் அரிச்சுவடியைத் தொட்டது பொருத்தமே. சில திங்கள் அங்குத் தங்கி மொழியைப் பழகிய பின் 1815இல் சென்னைக்குத் திரும்பினார். அவ்வாண்டே அன்னாள் வான் சோமரன் என்னும் டச்சுக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். சென்னையில் ஐந்தாண்டுகள் பள்ளிகளும் ஆலயமும் நிறுவி உழைத்தார்.

இரேனியசின் தமிழ்க் கல்வியை இங்கே நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பேச்சுக்குப் போதிய தமிழை ஓராண்டில் கற்றுக்கொண்டு பணியைத் தொடங்கிய வெளிநாட்டார் பலர். இரேனியஸ் அதில் அமைதி கொள்ளவில்லை. திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் தமிழ்ப் புலவரிடம் மாணவராக அமர்ந்து இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். தொல்காப்பியத்தின் எந்தப் பகுதியும் அன்று அச்சேறவில்லை. எழுத்ததிகாரமே 1847இல்தான் அச்சு வடிவம் கண்டது. ஆகவே இலக்கணம் கற்க வேண்டுமானால் ஏடும் ஆசிரியரும் இன்றி வழியில்லை. பிறருக்குக் கற்பிக்க வந்தவர் தாமே பல்லாண்டு மாணவராக இருந்தார். அவருடைய பாடநூல்களின் வேர் இங்குதான் இருக்கிறது.

அன்றைய நெல்லைச் சீமை

1820ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இரேனியஸ் பாளையங்கோட்டை வந்தடைந்தார். அங்கு 1816 முதல் படைத்துறைக் குருவாக இருந்த ஹௌ என்பார் சில பள்ளிகளைத் தொடங்கி, அவற்றை ஏற்று நடத்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவ்வழைப்பே இரேனியசைத் தெற்கே கொணர்ந்தது. சில திங்களில் ஷ்மிட் என்னும் மற்றொரு ஜெர்மானியர் துணையாக வந்து சேர்ந்தார்.

கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு இருபத்தோர் ஆண்டுகளே கழிந்திருந்தன. பாளையக்காரர் போரின் வடு ஆறாத நாடு அது. தூத்துக்குடித் துறை அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தது. 1825இல்தான் ஆங்கிலேயர் வசமாயிற்று. கரையில் பரதவரும் முஸ்லிம்களும் கடலை நம்பி வாழ்ந்தார்கள். உள்ளே செம்மணல் தேரிகளில் பனையேறிகள் நாளொன்றுக்குப் பல மரம் ஏறி இறங்கிப் பிழைத்தார்கள்.

இந்நாட்டில் கல்வி இல்லாமல் இல்லை. திண்ணைப் பள்ளிகள் ஊர்தோறும் இருந்தன. மணலில் எழுத்தைக் கீறிய பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். இருபதில் ஒரு பங்காகிய மாவையும், எண்பதில் ஒரு பங்காகிய காணியையும், முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியையும் வாய்ப்பாடாகவே சொல்லும் திறன் அவர்களுக்கு இருந்தது. நம் கரையின் முத்து வணிகரோ கணக்கில் இன்னும் ஒரு படி மேலே நின்றார்கள். துளைகளின் அளவு படிப்படியாக வேறுபடும் பித்தளைத் தட்டுகளில் முத்துகளைச் சலித்துப் பருமன்வாரியாகப் பிரித்தார்கள். மஞ்சாடி நிறையால் எடை கண்டு, அந்த எடையைத் தன்னாலேயே பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து மதிப்புக் கட்டினார்கள். ஒரே எடையுள்ள இரு குவியல்களில் முத்து குறைவாக உள்ள குவியலே, அதாவது பெரிய முத்துகள் உள்ள குவியலே, விலை மிக்கது என்னும் உண்மையை அந்தக் கணக்கு ஒரு நொடியில் காட்டிவிடும்.

ஆனால் இவ்வறிவு யாருக்கு உரியதாயிருந்தது? முத்துக் கணக்கு வணிகர் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை வழியாக வந்தது. நிலக் கணக்கு கணக்கர் வீட்டுக்குள் இருந்தது. இலக்கணம் புலவர் வீட்டு ஏட்டில் இருந்தது. முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியவனின் பிள்ளைக்கும் பனையேறியின் பிள்ளைக்கும் இவற்றுள் எதுவும் எட்டவில்லை. பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. குடும்பச் சொத்தாகப் பூட்டிக் கிடந்த அறிவைப் பொதுச் சொத்தாக்கும் சாவி, எவரும் வாங்கிப் படிக்கத்தக்க அச்சுப் பாடநூல். இதை உணர்ந்ததே இரேனியசின் சிறப்பு.

பள்ளிகள் எழுந்தன

பாளையங்கோட்டையை நடுவாகக் கொண்டு சிற்றூர்களில் பள்ளிகளை அவர் பரப்பினார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு சமய பாடமும் அவற்றில் கற்பிக்கப்பட்டது. 1835 அளவில் அப்பள்ளிகளின் எண்ணிக்கை நூற்றை ஒட்டியிருந்தது. உபதேசியாரையும் ஆசிரியரையும் பயிற்றுவிக்கப் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சிப் பள்ளி நடந்தது. பெண்களுக்கான பள்ளியும் தொடங்கப்பட்டது. இரேனியஸ், ஷ்மிட் இருவர் குடும்பத்தாரும் அதற்குத் துணை நின்றனர். தெற்கே பெண்கல்வி வேரூன்றிய வரலாற்றில் அது முதல் அடிகளுள் ஒன்று.

பயிற்சிப் பள்ளியில் எழுந்த சிக்கல் ஒன்று சொல்லத்தக்கது. பல சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ்த் தங்கி ஒன்றாக உண்ணவேண்டும் என்பது இரேனியஸ் வகுத்த முறை. மேல்சாதிப் பிள்ளைகள் சிலர் அதற்கு உடன்பட மறுத்தார்கள். அவர்களுக்குத் தனிப் பந்தி போட்டிருந்தால் பள்ளி அமைதியாக நடந்திருக்கும். அவர் இணங்கவில்லை. மாணவரை இழந்தாலும் முறையை இழக்க அவர் ஆயத்தமாக இல்லை. ஒரே சஃபில் தோளோடு தோள் நின்று தொழும் நமக்கு அவ்வுறுதியின் அருமை நன்கு விளங்கும். ஒரே பந்தியில் அமர மறுப்போர் ஒரே பாடத்தைக் கற்றும் பயனில்லை என்று அவர் கருதினார் போலும்.

கல்வியோடு குடியிருப்பும் வேண்டியிருந்தது. சமயம் மாறிய ஏழைகள் பலர் நிலக்கிழாரின் சினத்துக்கு ஆளாகி, இருந்த இடத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் தருமச் சங்கம் என்னும் அமைப்பை அவர் ஏற்படுத்தினார். நம்மிடையே உள்ள வக்ஃபு அறத்தோடு ஒப்பிடத்தக்க முயற்சி இது. புதிய ஊர்கள் தோன்றின. பிரஷிய நாட்டுக் கோமகன் டோனா அனுப்பிய நன்கொடையால் அமைந்த குடியிருப்பு டோனாவூர் என்று பெயர் பெற்றது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள மெய்ஞ்ஞானபுரமும் அவர் காலத்தில் உருவான ஊரே. 1826இல் பாளையங்கோட்டையில் அவர் கட்டி முடித்த தூய திரித்துவ ஆலயம் பின்னாளில் உயர்ந்த கோபுரம் பெற்று ஊசிக்கோபுரம் என வழங்குகிறது. பாளையங்கோட்டைக்குச் சென்றோர் எவரும் அதைக் காணாமல் திரும்பியிருக்க முடியாது.

பூமி சாஸ்திரம்

பள்ளிகள் பெருகின, ஆசிரியரும் வந்தனர். எதை வைத்துக் கற்பிப்பது என்னும் கேள்வி முன்னே நின்றது. ஐரோப்பியப் பள்ளிகளில் இருந்த புவியியல் போன்ற பாடங்களுக்குத் தமிழில் நூல் இல்லை. ஆங்கில நூலைக் கொடுக்கலாம். அதைப் படிக்கப் பிள்ளைகள் முதலில் ஆங்கிலம் கற்க வேண்டும். பனங்காட்டுப் பிள்ளை ஆங்கிலம் கற்றுத் தேறும் காலத்திற்குள் அவனைக் குடும்பம் மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு விடும். ஆகவே தமிழிலேயே எழுதத் துணிந்தார் இரேனியஸ்.

அத்துணிவின் விளைவே பூமி சாஸ்திரம். 1832இல் வெளிவந்த இந்நூல் பூமியின் வடிவம், கண்டங்கள், கடல்கள், நாடுகள், அங்கு வாழும் மக்கள் என உலகச் செய்திகளைத் தமிழ் உரைநடையில் விரிவாகச் சொன்னது. தமிழில் அச்சான அறிவியல் நூல்களுள் முன்னோடியாக அறிஞர்கள் இதனை மதிப்பர்.

இதன் அருமையை இன்று உணர்வது எளிதன்று. இன்று கலைச்சொல் அகராதிகள் உள்ளன; முன்மாதிரி நூல்கள் உள்ளன. 1832இல் இவற்றுள் ஒன்றும் இல்லை. தமிழில் கற்றோர் நூல் என்றாலே செய்யுள் என்று கருதிய காலம் அது. நிகண்டும் மருத்துவமும் சோதிடமும் கணக்கும் செய்யுளிலேயே இருந்தன. உரைநடை, நூலுக்கு உரை சொல்லும் துணைக் கருவியாகவே பெரிதும் நின்றது. அதைத் தனித்து நிறுத்தி, வெளியுலகச் செய்தியைச் சுமக்கும் வலிமை உடையதாக்கிய முயற்சிகளுள் பூமி சாஸ்திரத்திற்கு இடமுண்டு.

நம் கரைக்கு உலகம் புதிதன்று. காயல்பட்டினத்து மரக்கலங்கள் ஈழத்தையும் கீழைத் தீவுகளையும் அறிந்தவை. மாலுமிக்கு விண்மீன் தெரியும். காற்றின் பருவம் தெரியும். ஆனால் கடல் காணாத ஊர்ப் பிள்ளை ஒருவன், தன் ஊர்த் திண்ணையில் அமர்ந்தபடியே, தன் தாய்மொழியில், தான் நிற்கும் நிலத்தின் முழு வடிவத்தையும் படித்தறிய முடியும் என்பது புதிது. அந்நூலில் உள்ள நாடுகளின் எல்லைகள் இன்று மாறிவிட்டன. பல செய்திகள் காலத்தால் பழமையாகிவிட்டன. பாடநூலின் விதி அது. ஆயினும் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்னும் ஐயத்திற்கு அது அன்றே தந்த விடை பழமையாகவில்லை.

தமிழ் இலக்கண நூல்

அடுத்த பெரும்பணி இலக்கணம். 1834இல் இரேனியஸ் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கண நூல் வெளிவந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக இலக்கணம் இலத்தீனில் வகுத்திருந்தார். செய்யுள் வழக்கு ஒரு கரை, தெருப்பேச்சு மறுகரை. இரண்டுக்கும் நடுவே, கற்றோர் பிழையென்று தள்ளாததும் கல்லாதோர் விளங்காதென்று ஒதுக்காததும் ஆகிய ஒரு தமிழ் உண்டு என்று இரேனியஸ் கண்டார். அந்த நடுத்தமிழுக்கே அவர் இலக்கணம் எழுதினார். எழுத்தையும் சொல்லையும் விளக்கியதோடு நில்லாமல், தொடர் அமைப்பையும் விரிவாக ஆராய்ந்தார். அவர் மறைவுக்குப் பின்னும் அந்நூல் மறுபதிப்புகள் கண்டது. தமிழ் கற்க வந்த வெளிநாட்டார் பலருக்கு அதுவே கைந்நூலாயிற்று.

விவிலியத் தமிழாக்கத்திலும் அவர் இதே கொள்கையைக் கைக்கொண்டார். முன்பிருந்த பெப்ரீசியுசின் மொழிபெயர்ப்பு மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்ற முயன்றது. தமிழின் இயல்புக்குப் பொருந்தவே கருத்தைச் சொல்லவேண்டும் என்பது இரேனியசின் நிலை. மொழிபெயர்ப்பு நெறிகளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றையும் 1827இல் அவர் எழுதினார். புதிய ஏற்பாட்டை அவர் புதிதாக ஆக்கி அளித்தபோது, பழகிய சொற்களை மாற்றினார் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். அவர் மொழிபெயர்ப்பு நிலைத்து வழங்கவில்லை. ஆயினும் படிப்பவன் எளிதில் விளங்கிக்கொள்ளும் தமிழே நல்ல தமிழ் என்று அவர் தொடுத்த வழக்கு, பின்வந்தோரின் உரைநடையில் வென்றது.

இதே காலத்தில் நம் சமுதாயத்திலும் இக்கவலை இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த ஆண்டில் காயல்பட்டினத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. கீழக்கரையில் வாழ்ந்து மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று பெயர் விளங்கிய இமாமுல் அரூஸ் அவர்களே அக்குழந்தை. அவர்கள் 1816இல் பிறந்து 1898இல் மறைந்தார்கள். அரபி கல்லாத ஆணும் பெண்ணும் மார்க்கச் சட்டங்களை அறியும்பொருட்டு அரபுத் தமிழில் அவர்கள் எழுதிய மகானி தலைமுறைகளாக நம் இல்லங்களில் ஓதப்பட்டது. இருவரும் வெவ்வேறு சமயத்தார், வெவ்வேறு நோக்கத்தார். கற்பவனுடைய மொழியில் கற்பி என்னும் நெறியில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

சோதனைக் காலம்

உழைப்பின் உச்சத்தில் சோதனை வந்தது. தாம் பயிற்றுவித்த தமிழ் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிக்கவேண்டும் என்று இரேனியஸ் விரும்பினார். தாம் லூத்தரன் முறையில் பட்டம் பெற்றவர் ஆதலால் அம்முறையிலேயே தாமும் தம் உடன்பணியாளரும் பட்டம் அளிக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆங்கிலத் திருச்சபையின் பேராயரே பட்டம் அளிக்கவேண்டும் என்றது சங்கம். இருபதாண்டுகளுக்கு முன் இலண்டனில் எவரும் பொருட்படுத்தாமல் விட்ட வேறுபாடு இப்போது மலையாய் எழுந்தது. அந்நிலையில் ஆங்கிலத் திருச்சபையின் சில முறைகளைக் குறைகூறி 1834இல் அவர் எழுதிய மதிப்புரை ஒன்று வெளியாயிற்று. பிளவு முற்றி, 1835இல் சங்கம் அவரைத் தன் பணியிலிருந்து நீக்கியது.

பதினைந்து ஆண்டுகள் கட்டியதை விட்டுவிட்டு அவர் வடக்கே ஆர்க்காட்டுக்குப் போனார். ஆனால் உபதேசியார் பலர் திரும்பி வருமாறு அவரை வேண்டினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் அவர் திரும்பி வந்தார். அதனால் ஊர்கள் இரண்டுபட்டன. சங்கத்தின் பக்கம் சிலரும் அவர் பக்கம் சிலருமாய்ப் பிரிந்தார்கள். அவர் திரும்பி வந்தது சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மனச்சான்றை விட்டுக்கொடாத உறுதி என்று சிலர் போற்றினர். தாம் நட்ட பயிரையே தாம் மிதித்தார் என்று சிலர் வருந்தினர். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. பந்தியில் விட்டுக்கொடாத அதே உறுதிதான் இங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மனிதனின் வலிமையையும் குறையையும் தனித்தனியே பிரித்து வைக்க இயலாது.

1835ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் நினைக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான், அரசின் கல்விப் பணம் ஆங்கிலவழிக் கல்விக்கே செலவாக வேண்டும் என்று தலைமை ஆளுநர் பெண்டிங்கின் அரசு தீர்மானித்தது. மெக்காலேயின் குறிப்பு அதற்கு வழிவகுத்தது. மேலைநாட்டு அறிவியலைச் சொல்லும் ஆற்றல் இந்திய மொழிகளுக்கு இல்லை என்பது அத்தீர்மானத்தின் உட்கிடை. பூமி சாஸ்திரம் அச்சாகி அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கல்கத்தாவில் தீர்ப்பு எழுதியவர்கள் பாளையங்கோட்டையில் இருந்த சான்றைப் பார்க்கவில்லை.

மறைவும் தொடர்ச்சியும்

திரும்பி வந்தபின் மூன்றாண்டுகளே அவர் வாழ்ந்தார். 1838ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் பாளையங்கோட்டையில் உயிர் நீத்தார். அகவை நாற்பத்தேழு. அவ்வூர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிரிந்து நின்ற ஊர்கள் அவர் மறைவுக்குப் பின் மெல்ல மெல்லச் சங்கத்தோடு மீண்டும் இணைந்தன. சச்சரவு மறைந்தது, பள்ளிகள் நின்றன. அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவர் மகன் தொகுக்க, 1841இல் இலண்டனில் அது வெளியாயிற்று.

அவர் சமைத்த பாதையில் பெரியவர்கள் வந்தார்கள். தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ள சாயர்புரத்தில் போப் கல்விப்பணி ஆற்றினார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்தார். யாழ்ப்பாணத்தில் கரோல் விசுவநாதபிள்ளை என்னும் கணித ஆசிரியர் 1855இல் பீசகணிதம் என்ற பெயரில் இயற்கணிதத்தைத் தமிழில் வெளியிட்டார். அறிவியலும் கணிதமும் தமிழில் வர முடியும் என்பதை ஒருவருக்குப் பின் ஒருவராகக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றை இம்மலரில் நாம் எழுதுவது புகழ்பாட மட்டும் அன்று. நம் வகுப்பறைகளைப் பார்க்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் கணிதமும் இயற்பியலும் கற்று வரும் மாணவர், கல்லூரியின் முதல் நாளிலேயே ஆங்கில நூலின் முன் திகைத்து நிற்கிறார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கணக்குச் சொல்லப்படும் மொழிதான் தடை. பட்டப்படிப்புக்கு உரிய அறிவியல் நூல்கள் தமிழில் இன்னும் போதிய அளவில் இல்லை. இருப்பவற்றுள் பல மாணவருக்கு விளங்காத தமிழில் உள்ளன. பூமி சாஸ்திரம் தீர்க்க முயன்ற சிக்கல் இரு நூற்றாண்டுகள் நெருங்கியும் தீரவில்லை என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

ஆங்கிலம் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. இரேனியசே பல மொழி கற்றவர். அயல்மொழி வாயிலாக இருக்கட்டும். மதிலாக இருக்க வேண்டா என்றே சொல்கிறோம். முத்து வணிகரின் கணக்கு ஒரு காலத்தில் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது போல, இன்று அறிவியல் ஒரு மொழிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவி அன்று போலவே இன்றும் நல்ல பாடநூல்தான்.

அதை எழுதவேண்டியவர் யார்? இருபத்து மூன்று வயதில் தமிழின் ஓர் எழுத்தும் அறியாமல் இக்கரையில் இறங்கியவர், நாற்பத்தோராம் வயதில் தமிழில் உலகைப் பற்றி எழுதினார். தமிழைத் தாய்ப்பாலோடு பருகிய நம் கணித ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் அது இயலாததா? ஒவ்வொரு துறையும் தன் பாடத்தில் ஒரு சிறு நூலையேனும் மாணவர் கையில் கொடுக்க முன்வந்தால் போதும். சொல் திருத்தித் தரத் தமிழ்த்துறை காத்திருக்கிறது. அச்செலவை ஏற்கும் வள்ளன்மை நம் சமுதாயப் பெரியோரிடம் என்றும் குறைந்ததில்லை. சீதக்காதி வாழ்ந்த மண்ணுக்கு அதை நாம் சொல்லவேண்டியதில்லை.

முத்து, சிப்பிக்குள் இருக்கும்வரை கடலுக்கே சொந்தம். மூச்சடக்கி ஒருவன் மூழ்கி எடுத்தால்தான் அது ஊருக்கு வரும். இரேனியஸ் ஐயர் அவ்வாறு மூழ்கி எடுத்தவர். அடுத்து மூழ்க வேண்டியவர்கள் இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் மாணவர்களே.